வைரக்கண்ணுவின் பெயரில் நின்றது

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு நின்றது.
திரையில்
வைரக்கண்ணு, த/பெ பூசமுத்து, சிப்பம் 6
ஆறுக்குப் பக்கத்தில் மூன்றை அடித்தேன்.
மூன்று வரவில்லை.

அம்புக்குறி அசையவில்லை.
கேப்ஸ் லாக் விளக்கும் எரியவில்லை.
உள்ளே மின்விசிறி மட்டும்
ஆளில்லாத வீட்டில் விட்டுப்போன ரேடியோ மாதிரி.

"என் பேரு மாட்டிக்கிச்சா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
பவர் பொத்தானைப் பத்து எண்ணும்வரை
அழுத்திப் பிடிக்க வேண்டும்.
வரிசையே சேர்ந்து எண்ணியது.
சுமைக்காரர்கள் ஏழோடு சிரித்துவிட்டார்கள்.

இது நிலையத்து மடிக்கணினி இல்லை.
அது பழுதென்று போய் இரண்டு போகம் ஆகிறது.
இது பன்னிரண்டாம் வகுப்பில் எனக்குத் தந்தது.
கையால் பில் எழுதினால் செல்லாது.

ரசீதுக் கட்டின் பின்னட்டையில் குறித்துவைத்திருந்தேன்:
திங்கள் 10.15, சார்ஜர் மாட்டியிருந்தது.
திங்கள் 3.50, மாட்டவில்லை.
செவ்வாய் ஒன்றுமில்லை.
புதன் மூன்று தடவை;
தூற்றும் இயந்திரம் ஓடும்போது இரண்டு,
நிறுத்திய பிறகு ஒன்று.
அந்த ஒன்றுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

ஈரமானியாவது தேவலை.
பதினேழுக்கு மேல் என்றால்
முகத்துக்கு நேரே எண்ணைக் காட்டி
வேண்டாம் என்றுவிடும்.
இதற்கு அந்த வாய் கிடையாது.

அன்று மாலைக்குள் இன்னும் நான்கு முறை.
வைரக்கண்ணு பில் போடாமலே
குவியல் மேல் தார்ப்பாயை இழுத்துவிட்டு
அங்கேயே படுத்துக்கொண்டார்.
பாமணியாற்றுப் பக்கம் மின்னிக்கொண்டிருந்தது.

ராத்திரி திருப்பிப் போட்டேன்.
பதினொரு திருகு.
பத்துதான் வந்தது, ஒன்று தலை தேய்ந்தது.
நெம்பினேன்.
விசிறி முழுக்கச் சுணை,
கம்பளி மாதிரி அடர்ந்து.
நடுவில் ஒரு நெல்.
முளைத்திருக்கவில்லை,
அந்த அளவுக்கு ஈரம் யாரும் கொடுக்கவில்லை அதற்கு.
துடைத்தேன், புதுப் பசை தடவினேன்,
தொண்ணூறில் கொதித்தது அறுபதுக்கு இறங்கியது.
சூடுதான், கண்டுபிடித்துவிட்டோம் என்று படுத்தேன்.
ஓட்டில் மழை விழ ஆரம்பித்தது.

காலை 9.20க்கு நின்றது.

மன்னார்குடி சலாவுதீன் போனில் சொன்னார்:
"ரெண்டு ராம் போட்டிருக்கீங்கல்ல,
ஒண்ணைக் கழட்டிட்டு ஓட்டுங்க.
அப்புறம் அதைப் போட்டு இதைக் கழட்டுங்க."
வரப்பில் நண்டு வளை தேடுகிற வேலைதான்.
ஒரு பக்கம் அடைத்துவிட்டு
தண்ணீர் இன்னும் போகிறதா என்று நிற்பது.
அவசரப்பட்டு இரண்டு பக்கமும் அடைத்தால்
ஒன்றும் தெரியாது.

பழையதை மட்டும் போட்டு ஒரு பகல்.
நிற்கவில்லை.
இரண்டாவதை மட்டும் போட்டேன்.
நாற்பது நிமிஷம்.
அழிரப்பரால் அதன் பித்தளைப் பல்லைத் தேய்த்து
மறுபடி போட்டேன்.
இருபது நிமிஷம்.

அந்த இரண்டாவது
போன வருஷம் முதல் சம்பளத்தில்
வேகமாக ஓடட்டும் என்று நானே வாங்கியது.
பள்ளிக்கூடத்தில் தந்ததில் குறையே இல்லை.
சலாவுதீனிடம் இதைச் சொல்லவில்லை.
அவர் கடையில்தான் வாங்கினேன்.

இப்போது ஒற்றை ராமில் ஓடுகிறது.
ஒரு பக்கம் திறப்பதற்குள்
ஒரு சிப்பத்தைத் தைத்து முடித்துவிடுகிறார்கள்.
ஆறு நாளாக நிற்கவில்லை.
ஆறு நாள் என்பது நிரூபணமில்லை,
ஒவ்வொரு எழுத்துக்கும் சேமிக்கிறேன்.

மழைக்கு மறுநாள் வைரக்கண்ணு நெல்லில்
பத்தொன்பது காட்டியது ஈரமானி.
முதல் நாள் பதினாறு புள்ளி எட்டு,
நானே பார்த்தேன்.
மூன்று நாள் ரோட்டில் காயவைத்து,
பஸ் போகும்போதெல்லாம் ஓரத்தை ஒதுக்கி,
அடியில் முளைவிட்டதை அள்ளிக் கொட்டிவிட்டுத்
திரும்ப வந்தார்.

அவரை முதலில் கூப்பிட்டேன்.
யாரும் வரிசை பேசவில்லை.
வைரக்கண்ணு, த/பெ பூசமுத்து,
சிப்பம் 6
பக்கத்தில் ஒன்றை அடித்தேன்.
உடனே வந்தது.